தர்மாஸ்பத்திரியின் கதை – 17: அலமாரி நிறைந்த ஆண்டு

கட்டடம் கட்டியாயிற்று, டாக்டரையும் நர்ஸையும் போட்டாயிற்று என்ற இடத்தில் சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். 1946-இல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு வரைந்த திட்டத்தைப் பார்த்தோம். அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார், பிற்பாடு தாமே ஒரு குழுவுக்குத் தலைமையேற்று 1961-இல் முடித்துக் கொடுத்த மறு ஆய்வையும் பார்த்தோம். 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரிகளின் பெரியாஸ்பத்திரி எல்லாம் அதற்கு மேல். எல்லா இடத்திலும் விடிவதற்குள் வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே மருந்து அலமாரியில் என்ன இருந்தது என்பது இந்த வாரக் கதை.

எங்கள் அப்பத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு. 1980-களின் நடுவில், பள்ளி விடுமுறை நாட்களில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என் வேலை. முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஓபி சீட்டு வரிசையில் முன்னால் நிற்கலாம். டாக்டர் கையில் துணியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டுச் சீட்டில் ஏதோ எழுதித் தருவார். அதை எடுத்துக்கொண்டு கம்பி போட்ட ஜன்னலுக்குப் போக வேண்டும். பாதி நாள் அங்கே நடக்கும் பேச்சு இதுதான்.

"மாத்திரை தீந்துபோச்சு ஆத்தா. வெளியில வாங்கிக்க."

"எப்பய்யா வரும்?"

"வந்தாத்தான் தெரியும்."

அப்பத்தா சீட்டை மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொள்வார். பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் விலை கேட்டுவிட்டு முப்பது நாளைக்குப் பத்து மாத்திரை வாங்குவார். மாத்திரை கிடைக்கிற நாளிலும் சிக்கல்தான். டப்பாவிலிருந்து உதிரியாக அள்ளி, செய்தித்தாள் துண்டில் பொட்டலம் கட்டித் தருவார்கள். கொதிப்புக்கு ஒரு வெள்ளை மாத்திரை, முட்டி வலிக்கு ஒரு வெள்ளை மாத்திரை. வீட்டுக்கு வருவதற்குள் வெற்றிலைச் சுண்ணாம்போடும் வியர்வையோடும் சேர்ந்து இரண்டும் பாதி தூளாகியிருக்கும். எது எதற்கு என்று எழுதப் படிக்கத் தெரியாத அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இருமலுக்கும் செரிமானத்துக்கும் வீட்டிலிருந்தே சீசா கொண்டுபோனால் சிவப்பாக ஒன்றை ஊற்றித் தருவார்கள். ஊரில் அதற்குக் கலர் தண்ணி என்றே பெயர்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பவுண்டர் மீது எனக்கு வெகு காலம் கோபம் இருந்தது. இந்தத் தொடருக்காகப் படிக்கப் படிக்க அது கரைந்துவிட்டது. மருந்து எப்போது வரும் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவருக்கு மேலே இருந்தவர்களுக்கும் தெரியாது. எந்த ஊர் அலமாரியில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரே இடத்தில் உட்கார்ந்து சொல்லக்கூடிய ஆள் மாநிலத்திலேயே இல்லை.

அன்றைய ஏற்பாடு அப்படி. மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு இயக்ககம், மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு இயக்ககம், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பொது சுகாதார இயக்ககம். மூன்றும் தனித்தனியே மருந்து வாங்கின. ஒரே மருந்துக்கு ஒரே அரசாங்கம் வேறு வேறு விலை கொடுத்தது. சரக்கு அனுப்பிய கம்பெனிக்குப் பணம் வர மாதக்கணக்கில் ஆகும். அந்தத் தாமதத்துக்கான வட்டியையும் சேர்த்துத்தான் அடுத்த முறை விலை கேட்பார்கள். நல்ல கம்பெனிகள் சிலவற்றுக்கு அரசு ஆஸ்பத்திரி வியாபாரமே வேண்டாம் என்றாகிவிட்டது. ஒரு மாவட்டத்தில் காலாவதியான மருந்து மூட்டையாகக் கிடக்கும்போது, பக்கத்து மாவட்டத்தில் அதே மருந்துக்கு வெளிச்சீட்டு எழுதிக்கொண்டிருப்பார்கள். வந்து இறங்கிய மருந்தில் சரக்கு இருக்கிறதா, வெறும் மாவா என்று ஒழுங்காகச் சோதிக்கவும் வழி இல்லை.

பணப் பற்றாக்குறை ஒன்றே காரணம் என்றால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஒதுக்கிய பணமே உருப்படியாகச் செலவாகவில்லை என்பதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். தேவையான மருந்துகளை மட்டும் ஒரே கையால் மொத்தமாக வாங்கலாம் என்ற சிந்தனையின் வேரைத் தேடினால் நாம் கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது. தூரம் அதிகமில்லை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம்தான்.

சேனக பிபிலே என்ற பெயரைத் தமிழ்நாட்டில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1920-இல் பிறந்த இலங்கை மருத்துவர், மருந்தியல் பேராசிரியர், இடதுசாரி. மாணவர்களுக்கு மருந்தியல் சொல்லிக்கொடுத்த அந்த மனிதருக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே மருந்து பத்துக் கம்பெனிப் பெயரில் பத்து விலைக்கு வருகிறது. இல்லாத நாடு எதற்காக எல்லாவற்றையும் வாங்குகிறது? மருத்துவரும் அரசியல் தலைவருமான எஸ்.ஏ. விக்ரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து 1971-இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதிலிருந்து பிறந்தது அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம். பிபிலேதான் அதன் முதல் தலைவர். இலங்கையில் இறக்குமதியாகிக்கொண்டிருந்த மருந்துகள் இரண்டாயிரத்துக்கும் மேல். வல்லுநர்களை உட்காரவைத்து அதை 600 அளவுக்குக் குறைத்தார். நாடு முழுவதற்கும் ஒரே கை உலகச் சந்தையில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கும். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப் பெயரைச் சீட்டில் எழுத வேண்டும். பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. 1977-இல் கயானாவுக்கு ஐ.நா. பணிக்காகப் போன இடத்தில் பிபிலே இறந்துபோனார்.

அதே 1977-இல் உலக சுகாதார நிறுவனம் முதல் முறையாக அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இருநூறுக்குச் சற்று மேற்பட்ட மருந்துகள் போதும், பெரும்பாலான மக்களின் பெரும்பாலான நோய்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றது அந்தப் பட்டியல். இந்தியாவிலும் இது புதிதல்ல. 1975-இல் ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு இதே திசையைக் காட்டியிருந்தது. அந்த அறிக்கைக்கு நாடாளுமன்றத்தில் மரியாதை கிடைத்தது, ஆஸ்பத்திரியில் கிடைக்கவில்லை. 1982-இல் வங்கதேசம் துணிந்து ஒரு மருந்துக் கொள்கையைக் கொண்டுவந்து, பயனற்றவை என்று கண்ட மருந்துகளை ஆயிரக்கணக்கில் தள்ளியது.

தமிழ்நாட்டின் முறை 1994-இல் வந்தது.

அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானது. பங்கு முழுவதும் அரசுடையது. 1995 ஜனவரியில் வேலை தொடங்கியது. முதல் நிர்வாக இயக்குநராக ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூர்ணலிங்கம் வந்தார். அரசுத் துறையாக வைக்காமல் கம்பெனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. துறையென்றால் ஒவ்வொரு பில்லும் கருவூலம் வரை போய்த் திரும்ப வேண்டும். கம்பெனி தானே காசோலை எழுதலாம். சரக்குத் தேறிவிட்டால் உடனுக்குடன் பணம் என்று சொல்ல முடிந்ததால், இதுவரை ஒதுங்கியிருந்த கம்பெனிகள் டெண்டருக்கு வந்தன. அரசுக்கு விலை இறங்கியது இந்த ஒரு மாற்றத்தால்தான் பெரும்பகுதி என்பது என் கணிப்பு.

முதல் வேலை பட்டியல். இதை அதிகாரிகளால் செய்ய முடியாது, மருத்துவர்கள்தான் செய்ய வேண்டும். அது அவர்களுக்கு எவ்வளவு கடினமான காரியம் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டு ஒரு மருந்தை எழுதிப் பழகிய கை அது. தன் நோயாளி அந்தக் கம்பெனி மாத்திரையில்தான் தேறினார் என்று மனதார நம்புகிற பேராசிரியரிடம், அதே மருந்தை வேறொருவர் செய்தால் ஏன் ஆகாது என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்த மாத்திரைகள், சத்து டானிக்குகள், பேர் மட்டும் புதிதாக வருகிற பழைய மருந்துகள் எல்லாம் வெட்டுப்பட வேண்டும். வெட்டும்போது சும்மாவும் வெட்டிவிடக் கூடாது. பாம்புக்கடி மருந்து ஆண்டு முழுவதும் தேவைப்படாமல் இருக்கலாம். தேவைப்படுகிற இரவில் அது இருந்தே ஆக வேண்டும். பல நூறாகப் பரந்து கிடந்ததை மருத்துவக் குழுக்கள் முந்நூறுக்குள் அடக்கின. இந்திய அரசு தனக்கென ஒரு தேசியப் பட்டியலை 1996-இல்தான் வெளியிட்டது என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். இதே 1994-இல் டெல்லியும் இந்தப் பாதையில் இறங்கியிருந்தது.

பட்டியலில் இல்லாத மருந்துக்கும் ஒரு சந்து விட்டார்கள். பணத்தில் பெரும்பகுதி கழகத்தின் வழியே, அவசரத்துக்கும் அபூர்வ நோய்க்கும் உள்ளூரில் வாங்கிக்கொள்ளப் பத்துச் சதவீத அளவுக்கு ஒரு தொகை. இந்தச் சந்து விட்டது புத்திசாலித்தனம். முழுக்க அடைத்திருந்தால் மருத்துவர்கள் முதல் ஆண்டிலேயே எதிராகத் திரும்பியிருப்பார்கள்.

டெண்டர் இரண்டு உறையாக வரும். முதல் உறையில் கம்பெனியின் தகுதி. சொந்தத் தொழிற்சாலை உண்டா, மருந்து செய்வதற்கான ஒழுங்குமுறைச் சான்று உண்டா, இந்த மருந்தைச் செய்து சந்தையில் விற்ற அனுபவம் உண்டா. இதில் தேறினால்தான் விலை உறையைத் திறப்பார்கள். தரகருக்கும் ஏஜெண்டுக்கும் இடமில்லை, தயாரிப்பவரே நேரில் வர வேண்டும். மிகக் குறைந்த விலை சொன்னவர் ஒருவரையே நம்பி மாநிலத்தை ஒப்படைத்துவிடாமல், அடுத்து வந்தவர்களிடமும் அதே விலைக்குத் தர முடியுமா என்று கேட்டுச் சரக்கைப் பங்கிட்டார்கள். ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் இருப்பார்.

குறைந்த விலை என்றதும் மட்டமான மருந்து என்ற பயம் வரும். வர வேண்டும். அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடுதான் இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்தது. கிடங்குக்குச் சரக்கு வந்ததும் மாதிரி எடுத்துச் சென்னை எழும்பூர் பாந்தியன் சாலைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே லேபிளை எடுத்துவிட்டு ஒரு எண் போடுவார்கள். சோதனைக்கூடத்துக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். எந்தக் கம்பெனி மாத்திரை என்று தெரியாதபோது யாருக்குச் சலுகை காட்ட முடியும், யார்மீது பழி தீர்க்க முடியும்?

சோதனைக்கூடத்தில் நடப்பவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். அடியில் கம்பி வலை பொருத்திய ஆறு கண்ணாடிக் குழாய்கள். குழாய்க்கு ஒரு மாத்திரை. உடம்புச் சூட்டுக்கு நிகரான 37 டிகிரி தண்ணீரில் அந்தக் குழாய்க் கூடை மேலும் கீழுமாக அமிழ்ந்து எழும். மேல்பூச்சு இல்லாத சாதாரண மாத்திரை பதினைந்து நிமிடத்துக்குள் உதிர்ந்து வலைவழியே இறங்கிவிட வேண்டும். உதிராமல் கல்லாக நின்றால், அதை விழுங்குகிறவர் வயிற்றிலும் அப்படித்தான் நிற்கும். உதிர்ந்தால் மட்டும் போதாது. எழுதியிருக்கும் அளவு மருந்து உள்ளே இருக்கிறதா என்று வேறு சோதனை. தேறிய பிறகே அந்தத் தொகுதியைக் கிடங்கிலிருந்து வெளியே விடலாம். தேறாவிட்டால் கம்பெனி தன் செலவில் எடுத்துப் போக வேண்டும். திரும்பத் திரும்பத் தவறினால் கறுப்புப் பட்டியல்.

கிடங்குகள் மாவட்டத் தலைநகரங்களில் வந்தன. மூட்டைகளைத் தரையில் போடாமல் மரப்பலகை மேல் அடுக்கி, முதலில் வந்தது முதலில் போகும்படி வரிசை வைத்து, சில மாதங்களுக்குத் தேவையான இருப்பைக் கையில் வைத்துக்கொண்டார்கள். அரசு அலுவலகங்களில் தட்டச்சு ஓசை அடங்காத அந்தக் காலத்திலேயே கிடங்குகளில் கணினி வைத்தார்கள். எந்த ஊரில் எந்த மருந்து எத்தனை, எது எப்போது காலாவதி என்று எழும்பூரில் இருந்தபடியே தெரிந்தது. எந்த மாவட்டத்திலாவது இருப்பு இறங்கினால் அடுத்த ஆர்டர் அலமாரி காலியாவதற்கு முன்பே போனது. "வந்தாத்தான் தெரியும்" என்ற பதிலுக்கு முடிவு வந்தது இப்படித்தான்.

இனி பாஸ்புக். பேங்கில் தருவார்களே, அதே மாதிரி ஒரு நோட்டு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒன்று. ஆண்டுக்கு உங்களுக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று முதலிலேயே வரவு வைத்துவிடுவார்கள். மருந்தாளுநர் அந்த நோட்டோடு கிடங்குக்குப் போவார்; எடுத்த மருந்தும் விலையும் பற்று எழுதப்படும்; மீதி எவ்வளவு என்று அங்கேயே தெரியும். பணம் கைமாறுவதில்லை.

பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் எந்த மருந்து, எவ்வளவு என்ற முடிவு இதனால் ஊர் டாக்டரின் கைக்கு வந்தது. அறுவடை நாளில் வயலில் பாம்பு தட்டுப்படும் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேவை வேறு, மார்ச்சளியோடு குழந்தைகள் வரும் நீலகிரித் தேவை வேறு. மேலே இருப்பவர் இரண்டுக்கும் ஒரே அளவு பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டிய அவசியம் போயிற்று. தன் வாசலில் வந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்து டாக்டர் கேட்டு வாங்கலாம். தேவையில்லாததை வாங்கினால் தன் பாஸ்புக்கில்தான் பற்று விழும். கிராமத்து மருத்துவ அதிகாரி ஒருவரை நம்பி அவர் பெயரில் கணக்கு வைத்தது அரசாங்கம். அந்த நம்பிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாத்திரைகள் உதிரியாக வருவது நின்றது. காற்றும் ஈரமும் புகாத பட்டையில், ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியே. பட்டை முழுவதும் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்ற அச்சு. கடைக்குக் கடத்தி விற்பது கடினமாயிற்று. எங்கள் அப்பத்தாவுக்கு இதில் வேறொரு உபயோகம் இருந்தது. 1990-களின் கடைசியில், அவர் காலம் முடிவதற்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு முன், தன் சுருக்குப்பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து என்னிடம் காட்டினார். காலியான குழிகளை விரலால் தடவி, "இந்தா பாரு, வியாழக்கிழமை வரைக்கும் போட்டாச்சு, இன்னும் அஞ்சு நாளைக்குக் கெடக்கு" என்றார். கொதிப்பு மாத்திரைப் பட்டையின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு அடையாளம் வைத்திருந்தார், முட்டி வலி மாத்திரையோடு கலந்துவிடாமல் இருக்க. எழுத்துத் தெரியாதவர் தன் வைத்தியத்துக்குத் தானே கணக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

1996-இல் ஆட்சி மாறியது. முந்தைய ஆட்சி தொடங்கியது என்பதற்காக எத்தனையோ நல்ல திட்டங்கள் பெயர் மாறி, இடம் மாறி, காணாமல் போயிருக்கின்றன. இந்தக் கழகம் அந்த மாற்றத்தையும் அதற்குப் பிந்தைய மாற்றங்களையும் தாண்டி நின்றது. இரு கட்சி ஆட்சிகளும் அதைக் கலைக்கவில்லை, வேலையைக் கூட்டின. ஸ்கேன் மையங்களை நடத்தும் பொறுப்பும் கருவிகள் வாங்கும் பொறுப்பும் அதனிடம் வந்தன. பிற மாநிலங்களிலிருந்து அதிகாரிகள் கிடங்கைப் பார்க்க வந்தார்கள். கேரளம் 2007-இன் கடைசியில் இதே மாதிரிக் கழகத்தை நிறுவியது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி பிறந்த நாளில், அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் எல்லோருக்கும் இலவச மருந்து என்று தொடங்கியபோது அதற்கு அடித்தளமாக அமைத்த கழகமும் இதே வார்ப்புதான்.

குறையே இல்லையா? இருக்கிறது. மொத்தக் கொள்முதல் என்பது ஒரே கழுத்து. டெண்டர் தாமதமானால், ஒரு கம்பெனி கையை விரித்தால், மாநிலம் முழுவதும் அந்த மருந்துக்குத் திண்டாட்டம். அத்தகைய நாட்களில் ஜன்னலில் பழைய பதில் மறுபடி கேட்கத்தான் செய்கிறது. பாதி மாதத்துக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்பப்படும் சர்க்கரை நோயாளிகளை நானே பார்த்திருக்கிறேன். முப்பது நாள் சீட்டுக்குப் பதினைந்து நாள் மாத்திரை என்றால், கூலி வேலைக்குப் போகிறவருக்கு இன்னொரு நாள் சம்பளம் போயிற்று. பட்டியலைக் காலத்துக்கேற்பத் திருத்துவதும், மருந்துக்கான ஒதுக்கீட்டை நோயாளிகளின் எண்ணிக்கையோடு சேர்த்து உயர்த்துவதும் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. ஒரு ஆண்டு அசந்தாலும் அலமாரி காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்து கிடங்கில் இருக்கும். நள்ளிரவில் பிரசவ வலியோடு வருகிற பெண்ணுக்கு அதைப் போடுவதற்கு நர்ஸ் இருக்க வேண்டும், ரத்தம் இருக்க வேண்டும், அறுவை செய்ய ஆள் இருக்க வேண்டும். 1994-ஐ ஒட்டி இன்னொரு கணக்கையும் இந்த மாநிலத்து மருத்துவர்கள் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பிரசவத்தில் இறந்த ஒவ்வொரு தாயின் வீட்டுக்கும் போய், வலி கண்ட நேரத்திலிருந்து மூச்சு நின்ற நேரம் வரை எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வீணாயிற்று என்று எழுதி வாங்கும் கணக்கு. பின்னாளில் அந்தக் காகிதங்களை மாவட்ட ஆட்சியரின் மேஜை மேல் வைத்து, இறந்தவரின் உறவினர்களையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார்கள். அடுத்த வாரம் அந்த அறைக்குள் போவோம்.

(தொடரும்)